கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம்!

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் முன்பெல்லாம் விடியற்காலையில் தறிச் சத்தம்தான் கேட்கும். இப்போது அதற்கும் முன்னாலேயே கம்பெனி பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்கிறது. நெசவாளர் வீட்டுப் பெண்கள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறார்கள்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அத்தை, கம்பெனியிலே ஆளைக் குறைக்கிறாங்களாம். 'நானே விலகிக்கிறேன்'னு எழுதிக் கொடுத்தா கணக்கை உடனே முடிச்சிடுவாங்களாம். போடவா?"

எனக்குத் திக்கென்றது. "போடாதேடி கண்ணு!" என்றேன். என் மூத்த பையன் அப்படித்தான் யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வேலையில்லாத காலத்து உதவித்தொகை கேட்கப் போனான். "நீங்களாக விட்ட வேலை தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சகோதரிகளே, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்களே, அது ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நம் பங்கு 112 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு அதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்தக் காப்பீட்டில் 2018 ஜூலையில் 'அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம்' என்று ஒன்று வந்தது. வேலை போனவர்களுக்குச் சராசரி தினக் கூலியில் கால் பங்கு கொடுத்தார்கள். கொரோனா வந்த 2020-ல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் மொத்தம் 90 நாட்களுக்கு உண்டு. தினக் கூலி 500 என்றால் நாளைக்கு 250; 90 நாளைக்கு 22,500 ரூபாய்! ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்க இது போதாதா?

ஆனால் நிபந்தனைகள் உண்டு.

வேலை போவதற்கு முன் இரண்டு வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். சந்தாக் காலம் ஆறு ஆறு மாதமாகக் கணக்கு. கடைசி ஆறு மாதத்தில் 78 நாட்களும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாட்களும் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், வயதாகி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர், தானாகவே வேலையை விட்டவர் ஆகியோருக்குக் கிடையாது.

வேலை போய் 30 நாள் கழிந்த பிறகு, ஈ.எஸ்.ஐ. இணையதளத்திலோ கிளை அலுவலகம் மூலமோ விண்ணப்பிக்கலாம். ஈ.எஸ்.ஐ. எண், ஆதார், பாங்கு பாஸ்புக் கைவசம் இருக்கட்டும். தற்காலிகமாகத் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. ஆகவே, நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது நினைவிருக்கும். மூடுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். 'விருப்பம்' என்ற ஒரு சொல் காகிதத்தில் ஏறிவிட்டால், பிற்பாடு எத்தனை கதவுகள் சாத்திக்கொள்ளும் என்பதை யோசிக்க வேண்டும்.

பணிக்கொடை மட்டும் வேறு விஷயம். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், நாமாக விலகினாலும் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது உண்டு. இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று: பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அப்போதும் 'விலகல் கடிதம்' கேட்டால் பயந்து கொடுத்துவிடாதீர்கள்; தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டில் தறி போடும் நம் நெசவாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. பாவு கிடைக்காத மாதம் பட்டினி மாதம்தான். அவர்கள் கைத்தறி நெசவாளர் நலவாரியத்திலாவது பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. படிப்பு, திருமணம், பிரசவம், முதுமை ஆகியவற்றுக்கு உதவி உண்டு.

அது சரி, அந்தப் பெண் என்ன செய்தாள்? மறுநாள் போய், "நானா விலகலைங்க. நீங்க நிறுத்தினா, ஆட்குறைப்புன்னு எழுதிக் கொடுங்க" என்று தைரியமாகச் சொல்லிவிட்டாள். முணுமுணுத்தாலும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் பொறுத்து மனுப் போட்டாள். பணம் நேராக அவள் பாங்கு கணக்குக்கு வந்தது. அதில் தம்பியின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டினாள்.

"அத்தை, அன்னிக்கு உங்களைக் கேட்காம போட்டிருந்தா?" என்றாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெண் இருப்பாள். அவள் காகிதத்தோடு வருவதற்கு முன்னாலேயே இதை அவளிடம் சொல்லிவையுங்கள்.