குயில்ட்டுக்கு எந்தப் பசை?

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஒரு ஸ்ப்ரே கேனை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குக் கிளம்பினார். என் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது, அதற்காக ஒரு குயில்ட் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது மினசோட்டா. வெளியே மைனஸ் 20 டிகிரி. "வெளில போய் அடிக்க முடியாதே, அதான் கீழ போறேன்" என்றார். எதைக் கண்டாலும் லேபிளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. படித்தேன். கேனை வாங்கி வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் ஒரு சின்ன சண்டை.

முதலில் இந்த ஸ்ப்ரே எதுக்குன்னு சொல்லிடறேன். குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு. இந்த விரிப்புக்கு இங்கே பேட்டிங் என்று பெயர் (கிரிக்கெட் இல்லை). மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குயில்ட்டிங். தையல் மெஷினின் அடிப்பற்கள் கீழ்த்துணியை இழுக்கும், மேலே இருக்கும் அழுத்துபாதம் மேல்துணியைப் பின்னால் தள்ளும். அடுக்குகளைப் பிடித்து வைக்காவிட்டால் அவை நகர்ந்து சுருக்கம் விழுந்துவிடும். அதனால் தைப்பதற்கு முன் தற்காலிகமாக ஒரு பிடிப்பு வேண்டும். அதுதான் பேஸ்டிங். நம்மூர் டெய்லர்கள் கோட் தைக்கும்போது பெரிய பெரிய தையலாக ஓட்டி வைத்து அப்புறம் பிரித்து எடுப்பார்களே, அதே வேலை.

நூலில் ஓட்டலாம், சேஃப்டி பின்னும் குத்தலாம். பின் என்றால் 4 அங்குலத்துக்கு ஒன்று. 36க்கு 45 அங்குலக் குழந்தை குயில்ட்டுக்கே கிட்டத்தட்ட 100 பின். டபுள் பெட் அளவுக்குப் போனால் 400ஐத் தாண்டும். தரையில் முட்டி போட்டுக் குத்தணும், தைக்கத் தைக்க ஒவ்வொன்றாகக் கழற்றணும். ஸ்ப்ரே ஏன் பிரபலமானது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஸ்ப்ரே பசையில் மூன்று பொருட்கள்: ஒட்டும் பாலிமர், அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், இரண்டையும் வெளியே தள்ளும் வாயு. பல கேன்களில் அந்த வாயு புரொப்பேன், பியூட்டேன் அல்லது டைமெத்தில் ஈதர். மூன்றுமே எளிதில் தீப்பற்றும், மூன்றுமே காற்றைவிட கனம். சிலிண்டர் கசிந்தால் கேஸ் தரையோடு தவழும், ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே என்று நம்மூரில் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த எல்பிஜியும் புரொப்பேன், பியூட்டேன் கலவைதான். எங்கள் பேஸ்மென்ட்டில் கேஸில் ஓடும் பழைய வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதன் பைலட் சுடர், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், 24 மணி நேரமும் எரிகிறது. அதே தரையில் குயில்ட்டை விரித்து, ஜன்னலைத் திறக்காமல், பாதி கேனைக் காலி செய்வதுதான் அன்றைய திட்டம்! கட்டட விதிகளில் கராஜில் வைக்கும் ஹீட்டரின் சுடரைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்வது பெட்ரோல் ஆவிக்குப் பயந்துதான். இதைச் சொன்ன பிறகு சண்டை நின்றது.

அடுத்து பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை. ஃபெவிகால் போன்ற தச்சுப் பசையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது பாலிவினைல் அசிடேட். நீர் ஆவியானதும் அதிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். அந்தப் படலம் தண்ணீரில் ஊறும், முழுசாகக் கரையாது. துணிக்கு அதைத் தொடவே கூடாது. 'வாஷபிள்' என்று போட்டிருக்கும் பசையை, காய்ந்த பிறகும் தண்ணீரில் விட்டுப் போகிற மாதிரி தயாரிக்கிறார்கள். பாலிவினைல் ஆல்கஹால் இப்படிக் கரையும் ஒரு பாலிமர். ஜவுளி மில்களில் பாவு நூல் அறாமலிருக்க அதையும் பூசுகிறார்கள், நெய்த பிறகு கழுவி எடுத்துவிடுகிறார்கள். கைத்தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவதும் இதே யோசனைதான். ஆக, குயில்ட்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

முதல் முயற்சியில் நான்தான் கெடுத்தேன். தாராளமாக ஊற்றினேன். காய்ந்ததும் அந்த இடம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது, ஊசி இறங்கவில்லை. ஊசிமுனை போன்ற மூக்கு வைத்த புட்டியில், நூலிழை கனத்துக்குக் கோடு போட்டு, மேலே அயர்ன் பாக்ஸை வைத்தால் சில நொடிகளில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பருத்திப் பேட்டிங் என்றால் இந்தச் சூடு பிரச்சினையில்லை. பாலியஸ்டர் என்றால் உப்பல் போய்த் தட்டையாகிவிடும், அதிகச் சூட்டில் உருகியே போகும். கையால் குயில்ட் பண்ணுகிறவர்களுக்கு என் ஓட்டு இன்னமும் நூலுக்குத்தான்.

இதெல்லாம் கடைசியில் கழுவப் போகிற குயில்ட்டுக்கு. சுவரில் மாட்டிவிட்டு ஒருநாளும் நனைக்காத குயில்ட்டில் பசை உள்ளேயே கிடக்கும். நாளானால் பசை என்ன ஆகும் என்பதற்கு எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டைப் பார்க்கலாம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 3க்கு 6 அடித் துண்டு, ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோதே 1,920 துண்டுகள். அதற்குத் துண்டு செய்து அனுப்புகிறவர்களுக்கு, எழுத்துகளையும் நினைவுப் பொருட்களையும் தைத்து அனுப்புங்கள், பசையை நம்பாதீர்கள், அது நிலைக்காது என்று சொல்கிறார்கள். போக வேண்டிய பசை போகாமலிருப்பது ஒரு தொல்லை, இருக்க வேண்டிய பசை உதிர்ந்துபோவது இன்னொரு தொல்லை.

குழந்தையின் குயில்ட் மார்ச்சில் முடிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசியதும் விறைப்பு போய் மெத்தென்று ஆனது. ஸ்ப்ரே கேன் கராஜ் அலமாரியில் இருக்கிறது. மே மாதம் கொல்லைப்புறத்தில், கொடியில் துணியை மாட்டி அடித்துப் பார்க்கலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறார். அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.