"மறுத்து விசாரணை கோரினார்"... அதற்குப் பிறகு?

வானொலியில் செய்தி வாசிக்கும்போது என் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "தமக்கு எதிரான குற்றச்சாட்டை மறுத்து அவர் விசாரணை கோரினார்." அத்துடன் செய்தி முடிந்துவிடும். அடுத்து வானிலை, சாலை நெரிசல், ஒரு பாட்டு. ஆனால் அது பிள்ளையைத் துன்புறுத்திய வழக்காக இருந்தால் நேயர்கள் விடமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் குவியும். "ஏன் பேரைச் சொல்ல மாட்டேங்கிறீங்க?" "இவங்களையெல்லாம் எதுக்கு ஜாமீன்ல விடுறாங்க?" "அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் நம் சட்டத்தில் பதில் இருக்கிறது.

31ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

1990இல் ஒரு சிறு குழந்தை அடிபட்டு இறந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு வந்ததுதான் 1991ஆம் ஆண்டின் சிறார் பாதுகாப்புச் சட்டம். பின்னர் அதையும் வேறு இரண்டு பழைய சட்டங்களையும் ஒன்றாக்கி, 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் உருவானது.

செய்திகளில் நாம் அடிக்கடி கேட்கும் 31ஆம் பிரிவு இந்தச் சட்டத்தில்தான் உள்ளது. தன் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைத் துன்புறுத்துவது, புறக்கணிப்பது, கைவிடுவது எல்லாம் இதன்கீழ் குற்றம். உடல் காயம் மட்டுமல்ல, மனக்காயமும் கணக்கில் வரும். முன்பு அதிகபட்ச தண்டனை 20,000 ரிங்கிட் அபராதம் அல்லது 10 ஆண்டு சிறை. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு 50,000 ரிங்கிட் அபராதம் அல்லது 20 ஆண்டு சிறை அல்லது இரண்டுமே. அதோடு நன்னடத்தைப் பிணையும், 36 முதல் 240 மணி நேரம் வரை சமூகச் சேவையும் உண்டு.

பெயர் ஏன் வருவதில்லை?

சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு எங்கள் கையைக் கட்டியிருக்கிறது. கட்டியிருப்பது நல்லதுதான். பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக்கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். அப்பாவின் பெயரைச் சொன்னால் பிள்ளை யாரென்று தாமானில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பல வழக்குகளில் பெற்றோர் பெயரையும் தவிர்க்கிறோம்.

இந்தத் தடை பத்திரிகைக்கும் வானொலிக்கும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். "இந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கும்வரை பகிருங்கள்" என்று காயத்தோடு வரும் படத்தை நாம் இன்னொரு குழுவுக்கு அனுப்புவதும் அந்தப் பிள்ளையை அம்பலப்படுத்துவதுதான். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் யாரோ ஒருவர் கைப்பேசியில் இருக்கும்.

ஜாமீன் விடுதலை அல்ல

இவ்வழக்குகள் பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வரும். குற்றச்சாட்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் வாசிக்கப்படும். தேவைப்பட்டால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழிலேயே வாசிப்பார். மறுத்தால் விசாரணை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளி அல்ல. எனவே ஜாமீன் கேட்க அவருக்கு வழி உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்வார். கொடுத்தாலும் கடப்பிதழை ஒப்படைப்பது, மாதந்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திடுவது, பிள்ளையையோ சாட்சிகளையோ நெருங்காமல் இருப்பது என்று நிபந்தனைகள் விதிக்கலாம்.

பிள்ளைக்கு வேறொரு நீதிமன்றம்

நேயர்களின் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. செய்தியில் அதிகம் வராததும் அதுதான். பெரியவர் மீதான வழக்கு ஒரு பக்கம் நடக்கும்போது, பிள்ளையின் எதிர்காலம் சிறார் நீதிமன்றத்தில் தனியாக முடிவாகிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தாக வேண்டும். சிகிச்சை தேவைப்பட்டால் முதலில் மருத்துவமனை.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பிறகு, பிள்ளை வீட்டுக்கே திரும்பலாமா, தகுதியான உறவினரிடமோ வளர்ப்புப் பெற்றோரிடமோ போகலாமா, பாதுகாப்பு இல்லத்தில் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

பிள்ளை சாட்சி சொல்ல வேண்டி வந்தால், 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டம் துணைக்கு வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி திரை போடலாம். வேறு அறையிலிருந்து நேரலையில் பேச வைக்கலாம். முன்பே பதிவு செய்த காணொளியையும் சாட்சியமாக ஏற்கலாம்.

ஏழ்மை குற்றமா?

இல்லை. புறக்கணிப்பு என்றால் என்ன என்பதைச் சட்டமே விளக்குகிறது. உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றைக் கொடுக்க வசதி இருந்தும் கொடுக்கத் தவறுவதுதான் அது. கையில் காசில்லாத தாய்க்குத் தேவை சமூகநலத் துறையின் உதவி. பிள்ளைக்கு நடக்கவிருந்த கெடுதலை வேறொருவர் தடுத்துவிட்டார் என்பதாலும் குற்றவாளி தப்ப முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சோறு போட்டதால் பிள்ளை பிழைத்தது என்பது புறக்கணித்தவருக்குச் சாக்காகாது.

நாம் செய்ய வேண்டியது

மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோர் சந்தேகம் வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். "குடும்ப மானம் போயிடும்" என்று மறைக்கும் பாட்டியும் சித்தப்பாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்டை வீட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அழுகை முதலில் அவர்கள் காதில்தான் விழுகிறது.

"அடியாத மாடு படியாது" என்று பழமொழி சொல்லி நாம் பலமுறை நகர்ந்துவிடுகிறோம். மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். "தப்பா சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மையைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையல்ல. அதற்கு அதிகாரிகள், மருத்துவர்கள், நீதிபதிகள் இருக்கிறார்கள். புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் சட்டம் பாதுகாக்கிறது.

தாலியான் காசே எண் 15999. 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள். நீதிமன்றக் கதவு தானாகத் திறக்காது. யாராவது ஒருவர் போன் செய்தால்தான் திறக்கும்.