மரவள்ளிச் செய்கையும் களைகொத்தும் உழைப்பும்

மரவள்ளி அதிக கவனிப்பை வேண்டாத பயிர் என்ற கருத்து நீண்டகாலமாக நிலவி வருகின்றது. அது வரட்சியைத் தாங்கும், வளங்குன்றிய மண்ணிலும் விளையும் என்பன உண்மைகளே. ஆயின் அவற்றிலிருந்து பெறப்பட்ட இம்முடிபு களையைப் பொறுத்தவரை தவறானது. உலகில் மிகக் கூடுதலாக மரவள்ளியை உற்பத்தி செய்யும் நைஜீரியாவின் அனுபவத்தைக் கொண்டு இதனை நாம் நோக்கலாம். அண்மைய ஆண்டுகளில் அங்கு சராசரி விளைச்சல் ஹெக்டேயருக்கு 10 தொன்னை எட்டவில்லை. ஆய்வு வயல்களிலோ 20 தொன்னுக்கு மேல் பெறப்படுகின்றது. இவ்வேறுபாட்டுக்கு இனமும் உரமும் மட்டுமன்றிக் களையும் முக்கிய காரணமாகும்.

ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான தண்டுத் துண்டுகள் ஒரு மீற்றர் இடைவெளியில் நடப்படுகின்றன. முதல் வாரங்களில் அத்துண்டு தன்னுட் சேமித்த உணவைக் கொண்டே வாழ்கின்றது. செடிகளின் இலைகள் நிலத்தை மூட 3 முதல் 4 மாதங்கள் செல்லும். அதுவரை வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைக் களை கைப்பற்றி, ஒளியையும் நீரையும் நைதரசனையும் பங்குபோடுகின்றது. வேர்கள் கிழங்காகப் பருக்கத் தொடங்குவதும் இக்காலத்திலேயே. எனவே இப்பருவத்தில் தவறவிட்ட களையெடுப்பை ஐந்தாம் மாதத்திற் செய்து இழப்பை ஈடுசெய்ய முடியாது; பிந்திக் கொத்தினால் கிழங்கே வெட்டுப்படும். களைகளுள் இலுக்குப்புல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதன் கூரிய நிலக்கீழ்த் தண்டு கிழங்கைத் துளைத்துச் செல்ல, அத்துளை வழியே அழுகல் புகுகின்றது.

நட்டு 4, 8, 12 ஆம் வாரங்களில் களையெடுக்குமாறு கூறுவது எளிது. அதற்கான உழைப்பு எங்கிருந்து வரும்? முதல் மழையோடு சோளமும் வள்ளியும் மரவள்ளியும் ஒருங்கே மண்வெட்டியை வேண்டி நிற்கின்றன. வறிய குடும்பமோ அவ்வேளையிற் கூலிக்காகப் பிறர் நிலத்தில் களைகொத்தச் செல்கின்றது. சொந்த நிலம் பிந்திவிடுகின்றது. நாளெல்லாம் குனிந்து செய்யும் இவ்வேலையின் பெரும்பகுதி பெண்கள் மீதும் சிறுவர் மீதுமே சுமத்தப்பட்டுள்ளது. மரவள்ளிக்கு உழைப்பு வேண்டாம் என்றோர் இதனை உழைப்பாகக் கணக்கிடவில்லைப் போலும்.

இபடானிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிறுவனம் 2014 இல் மரவள்ளிக் களைகளுக்கென ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. நட்ட சில நாட்களுள், களை முளைக்குமுன் தெளிக்கும் களைநாசினிகள் மண்வெட்டிச் சுமையைக் குறைக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குத் தெளிகருவியும் அளவறிந்து கலக்கும் பயிற்சியும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைமுதலும் வேண்டும். முளைத்த களைமீது தெளிக்கப்பட்டுவந்த பரகுவாற்று, மனிதருக்குக் கொடிய நஞ்சாதலால், 2024 ஜனவரி முதல் அங்கு தடைசெய்யப்பட்டது. தடை நியாயமானதே. எனினும் அந்நஞ்சு செய்த வேலை மறுபடியும் யாருடைய முதுகில் ஏறும் என்பது கேட்கப்பட வேண்டிய வினா.

கைமுதல் குறைந்தோருக்கு ஏற்ற வழியொன்று அவ்விவசாயிகளிடமே உண்டு. வத்தகையின் இனத்தைச் சேர்ந்த எகுசிக் கொடியை அவர்கள் ஊடுபயிராக இடுகின்றனர். சில வாரங்களிலேயே அது நிலத்திற் படர்ந்து, மரவள்ளியால் அப்பருவத்திற் கொடுக்க இயலாத நிழலைக் கொடுக்கின்றது. விதை உணவாகவும் பணமாகவும் ஆகின்றது. கீழிருந்தே கிளைவிடும் மரவள்ளி இனங்களைத் தெரிந்தெடுத்தால் நிலம் மேலும் விரைவில் மூடப்படும். ஆனால் இலுக்கு வேரூன்றிய நிலத்தில் இவை போதா; அங்கு நடுகைக்கு முன்னரே ஆழக்கொத்தி, அதன் நிலக்கீழ்த் தண்டுகளைப் பொறுக்கியெடுத்து வெயிலிற் காயவிட வேண்டும்.