மொழிமாதிரி முகவர்களுக்கான திறந்த மூலச் சட்டகத் தெரிவு

பெருமொழி மாதிரி தானே எச்செயலையும் நிகழ்த்துவதில்லை. அடுத்து வரத்தக்க சொற்கூற்றைக் கணிப்பதே அதன் பணி. அக்கணிப்பின்வழிக் கருவிகளை இயக்கி, விளைவை மாதிரிக்கு மீண்டும் அளித்து, பணி முடியும்வரை இச்சுழற்சியை நடத்தும் நிரல் முகவர் எனப்படும். அதனை உருவாக்க உதவும் அடிப்படை அமைப்பே சட்டகம்.

லாங்கிராஃப் பணியைக் கணுக்களும் இணைப்புகளும் கொண்ட கோட்டுருவாகக் கொள்கிறது. படிநிலைகளைச் சேமிக்கவும், இடையில் நிறுத்தி மனித ஒப்புதல் பெறவும் இடமளிக்கிறது. குரூ ஏஐ பணியைப் பொறுப்புகளாகப் பகுக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2023இல் வெளியிட்ட ஆட்டோஜென் அதனை முகவர்களிடை உரையாடலாக அமைத்தது. எனினும் 2025இல் அந்நிறுவனம் வேறொரு சட்டகத்தை அறிவிக்க, ஆட்டோஜென் பராமரிப்பு நிலைக்குச் சென்றது. திறந்த உரிமம் பயன்பாட்டைக் காக்குமேயன்றி வளர்ச்சியைக் காவாது. ஆகவே பணியின் தருக்கத்தைச் சட்டகத்தினின்று பிரித்து எழுதுதல் நன்று.

தெரிவில் முதற்கண் நோக்கத்தக்கது பிழையின் விளைவாகும். நூற்பட்டியலில் தேடும் முகவர் தவறினால் மீண்டும் தேடலாம். பதிவேட்டை அழிக்கும் முகவர் தவறினால் மீட்பது அரிது. பின்னதற்கு இடைநிறுத்தமும் செயற்பதிவும் இன்றியமையாதவை.

தமிழ்ப் பயன்பாட்டில் மேலும் இரண்டு கருதத்தக்கவை. சட்டகத்தினுள் அமைந்த அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைக் காணவும் மாற்றவும் இயலவேண்டும். பல மாதிரிகளில் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லினும் மிகுதியான கூறுகளாகப் பிளவுபடுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் முன்னுரையாடல் முழுவதும் அனுப்பப்பட்டால் செலவு பெருகும். எனவே வரலாற்றைச் சுருக்கும் வசதி தேவை.

ஓரிரு கருவிகளே வேண்டும் பணிக்குச் சட்டகமின்றிச் சிறு நிரலே போதும்.