கார் வாங்கும் படலம்

பெண்ணுக்கு வரன் தேடுவதற்கும் குடும்பத்துக்குக் கார் தேடுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டு காரியங்களிலும், கேட்காமலே அபிப்பிராயம் சொல்வதற்குப் பத்துப் பேர் முன்வருவார்கள். இரண்டிலும் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்கிவிட்டுக் குணத்தை விசாரிக்க மறந்துபோவது உண்டு. போட்ட கணக்கைச் செலவு தாண்டிவிடுவதும் இரண்டுக்கும் பொது.

எங்கள் பள்ளிக்கூடத்து ரஸாயன ஆசிரியர் சில மாதங்களுக்கு முன்பு கார் வாங்குவதென்று தீர்மானித்தார். தாயார், மனைவி, ஆறாம் வகுப்பில் படிக்கும் பெண், மூன்றரை வயதுப் பையன் ஆகியோர் அடங்கியது அவருடைய குடும்பம். ஐந்து பேரும் ஒரு ஸ்கூட்டரில் ஏற முடியாது. தாயாருக்கோ முழங்கால் வலி. பஸ் படி ஏறுவது பெரும்பாடு. எட்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. பின்னால் தனியாகச் சாமான் வைக்க இடமுள்ள ‘செடான்’ கார்தான் வேண்டும் என்பது வீட்டில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம். எந்த செடான் என்று ஆசிரியர் அறையில் ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அன்று ஆரம்பித்த சர்ச்சை ஒரு வாரம் ஓயவில்லை.

சரித்திர ஆசிரியர் பழைய அம்பாஸடர் கார் ஒன்றைக் கண்ணை இமை காப்பது போல் காத்து வருகிறவர். “கதவைச் சாத்திப் பாருங்கள், ஸார்! கோட்டைக் கதவு மாதிரி ‘தம்’மென்று சப்தம் வரவேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போகிற தகரமெல்லாம் ஒரு காரா?” என்றார்.

“கனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்ரோலை அல்லவா குடிக்கும்! என் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. மத்தியதரக் குடும்பத்துக்கு வேறு தரம் எதற்கு?” என்றார் தேகப்பயிற்சி ஆசிரியர்.

நீளமான செடான் வைத்திருக்கும் ஆங்கில ஆசிரியருக்கு இருவர் பேச்சும் பிடிக்கவில்லை. “நாலு மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று வாலை நறுக்கிய வண்டியை செடான் என்று அழைப்பதே பிழை” என்றார்.

மூவர் கட்சியையும் சற்று நிதானமாக விசாரிப்போம்.

வால் நறுக்கப்பட்டதற்குக் காரணம் வரிதான். 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. 2008-இல் டாட்டா கம்பெனியின் இண்டிகோ சி.எஸ். அந்த அளவுக்குள் அடங்கிய செடானாக வந்தது. 2012-இல் மாருதி டிசையரும் தன் பின்பக்கத்தைக் குறுக்கிக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதங்களில், 1200 ஸி.ஸி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினுடன் 4 மீட்டருக்குள் அடங்கும் காருக்கு 18 சதவிகித வரி. அந்த அளவைத் தாண்டினால் 40 சதவிகிதம். அழகு குறைந்தாலும், நறுக்கிய வாலில் மிஞ்சும் பணம் சாமானியமானதன்று.

மைலேஜ் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 500 லிட்டர் வேண்டும். 16 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 625 லிட்டர். வித்தியாசம் வருஷத்துக்கு 12,500 ரூபாய். பாதித் தூரமே ஓட்டும் ஆசிரியருக்கு மாதம் 500 ரூபாயைச் சுற்றித்தான் வரும். இது அற்பமான தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரின் தரம் முழுவதையும் இதை வைத்து நிர்ணயிப்பது நியாயமாகாது.

இனிக் கதவின் ஓசைக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியான அம்பாஸடர் நமது தேசத்துக்குச் செய்த ஊழியத்தை யாரும் மறுக்க முடியாது. மந்திரிகளும் மணப்பெண்களும் அதில்தான் ஊர்வலம் போனார்கள். ஆயினும் தகடு கனமாயிருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கையைப் பௌதிக ஆசிரியனாகிய நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அசையாத சுவரில் மோதுகிறது. முன்பாகம் நசுங்காமல், பத்து சென்டிமீட்டருக்குள் வண்டி நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் உடம்பின் மேல் அதன் எடையைப் போல் சுமார் 160 மடங்கு விசை தாக்கும். முன்பாகம் அறுபது சென்டிமீட்டர் நசுங்கி, வண்டி சற்றுத் தாமதித்து நின்றால், அது 27 மடங்காகக் குறையும். ஆகவே எஞ்சின் இருக்கும் பாகம் நசுங்க வேண்டும். மனிதர் இருக்கும் அறை நசுங்கக் கூடாது. இந்தத் தத்துவத்தை வகுத்தவர் பேலா பாரெனி என்னும் எஞ்சினியர். 1959-இல் வெளியான மெர்ஸிடஸ் காரில் அது முதன்முதலாகக் கையாளப்பட்டது. அதே வருஷத்தில் வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்பவர் அமைத்த மும்முனை இடுப்புவாரும் காரில் இடம்பெற்றது. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. அறை நிலைத்திருந்தாலும், வார் கட்டாத மனிதன் பழைய வேகத்திலேயே முன்னால் பறந்து போவான்.

“அப்படியானால் எது நசுங்கும், எது நசுங்காது என்று கடையில் நின்றுகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?” என்று ரஸாயன ஆசிரியர் கேட்டார்.

கதவைத் தட்டித் தெரிந்துகொள்ள முடியாது. பரீக்ஷை வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். குளோபல் என்.சி.ஏ.பி. என்னும் ஸ்தாபனம் 2014 ஜனவரியில், நமது தேசத்தில் விற்பனையாகிக்கொண்டிருந்த ஐந்து சிறு கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நக்ஷத்திரம். அதற்குப் பிறகுதான் விழிப்பு உண்டாயிற்று. 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸான், இந்தியாவில் செய்த கார்களில் முதலாவதாக ஐந்து நக்ஷத்திரம் பெற்றது. 2023 ஆகஸ்டில் நமது சர்க்காரே பாரத் என்.சி.ஏ.பி. என்ற பரீக்ஷையை அறிவித்து, அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது.

செடான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய டிசையர் பெரியவர்களின் பாதுகாப்பில் பெற்றது இரண்டு நக்ஷத்திரம். 2024-இல் வந்த புதிய டிசையரோ ஐந்து பெற்றது. குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு. சுமார் ஒரு டன் எடையுள்ள இந்த இலேசான வண்டியின் கூடு ‘ஸ்திரமானது’ என்றும் பரீக்ஷகர்கள் எழுதினார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹியுண்டாய் வெர்னா, 2023 அக்டோபரில் இரண்டு பிரிவிலும் ஐந்து பெற்றது. ஆயினும் அதன் கூடு ‘ஸ்திரமற்றது’ என்று குறிக்கப்பட்டது. பெயர் ஒன்றாயிருப்பதனாலோ, எடை கூடியிருப்பதனாலோ, நக்ஷத்திரத்தின் எண்ணிக்கையாலோ மட்டும் எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும். எந்த வருஷத்து வண்டி, எத்தனை காற்றுப்பைகளுடன் பரீக்ஷிக்கப்பட்டது, குழந்தைகளுக்கு எத்தனை, கூடு ஸ்திரமானதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை, பரீக்ஷை அறிக்கையில் யாரும் படிக்கும்படி கிடைக்கிறது.

ஒரு சனிக்கிழமை அவருடன் நானும் கடைக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்று சொல்வது இங்கே அவசியமில்லை. உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த காப்பி கொடுத்தார்கள். பிறகு கூரையில் திறக்கும் கண்ணாடியைக் காட்டினார்கள். பெண் குழந்தை அதைக் கண்டு கைகொட்டி ஆனந்தித்தாள். அது இருக்கும் உயர்ந்த ரகத்தின் விலை, பத்து லட்சத்தைச் சில ஆயிரம் தாண்டியிருந்தது.

இங்கேதான் வாங்குவோர் விழித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம். 9,90,000 ரூபாய்க் காருக்குச் சாலை வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய்க் காருக்கோ 1,81,800 ரூபாய். இருபதினாயிரம் விலை ஏறினால் ஐம்பத்து மூவாயிரம் வரி ஏறுகிறது! அதற்கு மேல் 1 சதவிகிதம் வருமான வரிக் கணக்கில் பிடித்துக்கொள்ளப்படும். அது பின்னால் கணக்கில் கழிந்துவிடும் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆகையால் கடை விலையைக் கேட்டுத் திருப்தியடையாமல், வண்டி தெருவுக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸைக் கடைக்காரரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்து வந்த விலையை நாங்கள் சொன்னதும், அவர்களுடைய விலையும் தானாக இறங்கிற்று.

எங்கள் விசாரணையில் அந்த வண்டியின் எல்லா ரகங்களிலும் ஆறு காற்றுப்பைகளும், பின் ஆசனத்தின் நடுவிலும் மும்முனை வாரும் இருப்பது தெரிந்தது. கூரைக் கண்ணாடிக்காகக் கொடுக்கும் பணம் உயிரைக் காப்பதற்காக அல்ல என்றும் விளங்கிற்று. ரஸாயன ஆசிரியர் தாயாரைப் பின் ஆசனத்தில் ஏறி இறங்கச் சொன்னார். செடானின் ஆசனம் தாழ்வானது. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது ஒத்துவருமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். அந்த அம்மாள் இருமுறை ஏறி இறங்கி, “பரவாயில்லை” என்றார். நடுத்தர ரகமே முடிவாயிற்று. மிச்சமான தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, பையனுக்கென்று காரில் பொருத்தும் குழந்தை ஆசனம் ஒன்றும் வாங்கப்பட்டது.

பதிவு செய்வதற்கு முன்பே வண்டியைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பதிவான பிறகு குறை சொல்லிப் பிரயோஜனம் குறைவு. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு வருஷத்தையும் குறிக்கும். அவற்றையும், வண்டி தயாரான மாதத்தையும், ஓடிய தூரத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டோம். எல்லாம் சரியாயிருந்தன.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று திருத்தணிக்குப் போவதென்று ஏற்பாடு. வழியனுப்ப நானும் போயிருந்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. பையனைக் குழந்தை ஆசனத்தில் உட்கார வைத்ததும் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

“குழந்தையைக் கட்டிப்போட்டா அழைத்துப் போவது? இத்தனை பேரை என் மடியில் வைத்து வளர்த்திருக்கிறேன். என் கையைவிட இந்த நாற்காலி பத்திரமோ?” என்றார்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வாரிலோ குழந்தை ஆசனத்திலோ பத்திரப்படுத்தாமல் அழைத்துச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மகன் சட்டம் சொன்னார். பாட்டி அதைப் பொருட்படுத்தவில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்ட விபத்தில், பின் ஆசனத்தில் இருந்த அவர் வார் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் கூறியதை மருமகள் ஞாபகப்படுத்தினார். அதற்கும் பாட்டி அசையவில்லை.

“அம்மா, பையன் என்ன எடை இருப்பான்?” என்று நான் கேட்டேன்.

“பதினைந்து கிலோ.”

“வண்டி எதிலாவது மோதி நிற்கும் அந்த ஒரு கணத்தில் அவன் இருபத்தேழு மடங்கு கனப்பான். நானூறு கிலோவுக்கு மேல் ஆகிறது. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் பதினாறு. அதை ஒரே பிடியாகப் பிடித்து நிறுத்த உங்கள் கையால் ஆகுமா?”

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. தம் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு பேரனின் வார் சரியாக மாட்டியிருக்கிறதா என்று தாமே இழுத்துப் பார்த்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தமக்குரிய வாரையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

கதவு சாத்தப்பட்டது. அது என்ன ஓசை எழுப்பிற்று என்று நான் கவனிக்கவில்லை. மகன் வண்டியைக் கிளப்பப் போகும் சமயத்தில் பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது:

“சற்று இரு. எல்லோரும் கட்டிக்கொண்டாயிற்றா?”