பொதுப் பெட்டிக்குப் பொறுப்பாளர் யார்?

ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு விடுமுறை என்பது ஒருநாள், இருநாள் காரியமன்று. தில்லியிலிருந்து தஞ்சைக்கு ரயிலில் போய்வரவே நான்கு நாட்கள் போலக் கழிந்துவிடும். தந்தையார் காலமான செய்தி கேட்டு, இரவோடு இரவாக ஊருக்குப் புறப்பட்ட நம் அன்பர் ஒருவர், பதினைந்து நாட்களுக்குப் பின் திரும்பியபோது, விளக்கம் கேட்கும் குறிப்பொன்று மேசைமீது காத்திருக்கக் கண்டார். ஒப்பந்தப்புள்ளி பற்றி வந்த மின்னஞ்சலுக்கு உரிய காலத்தில் விடை போகவில்லை என்பது குற்றச்சாட்டு. அக்கடிதம் வந்ததோ அவருடைய சொந்தப் பெட்டிக்கு அன்று. பிரிவிலுள்ள ஐவரும் பார்க்கும் பொது அஞ்சற்பெட்டிக்கு. ஐவர் பார்க்கும் பெட்டியில் ஒரு கடிதம் எவ்வாறு கேட்பாரற்றுக் கிடந்தது? இதனை நாம் சற்று ஆராய்தல் நலம்.

முன்னாளில் அலுவலகத் தபால் முழுவதும் ஒரு குமாஸ்தாவின் கையில் சேரும். அவர் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, நாளிட்டு, இன்னாருக்கு என்று பதிவேட்டில் எழுதுவார், பெற்றவர் கையொப்பமிடுவார். கடிதம் எவரிடம் உள்ளது என்பதில் ஐயமே எழாது. இன்று மைக்ரோசாப்ட் அவுட்லுக் போன்ற ஏற்பாடுகளில், ஒரே பெட்டியைப் பலரும் தத்தம் மேசையிலிருந்தே திறக்கின்றனர். ஒருவர் திறந்த கடிதம் மற்ற அனைவர்க்கும் படிக்கப்பட்டதாகவே தோன்றும். திறந்தவர் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டுவிட்டால், ஏனையோர் 'யாரோ கவனித்துவிட்டார்' என்று எண்ணுவர். நம் அன்பரின் பிரிவில் நிகழ்ந்ததும் இதுவே. எவரும் வஞ்சகம் செய்யவில்லை. பதிவேடு போயிற்று, அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. கடிதங்களுக்கு வண்ணக் குறியிடும் வசதி அவுட்லுக்கிலேயே உள்ளது. பிரிவிலுள்ளார் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வண்ணம் வைத்துக்கொண்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டவர் தம் குறியை இட வேண்டும். குறியில்லாத கடிதம் ஏதேனும் கிடக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பதற்கு முறைவைத்து ஒருவர் இருக்க வேண்டும். ஊர் கூடித் தேரிழுக்கலாம். முட்டுக்கட்டை இடுவதற்கு இன்னார் என்று ஓர் ஆள் வேண்டுமல்லவா?

அனுப்பும் விடையிலும் கவனம் தேவை. பொதுப் பெட்டியின் பெயரால் நாம் எழுதும் விடையின் நகல், தனியே ஏற்பாடு செய்யாவிடின், நம் சொந்தப் பெட்டியிலேயே தங்கிவிடக்கூடும். அதைக் காணாத மற்றொருவர் வேறொரு விடை எழுதுவார். நகல் பொதுப் பெட்டியிலும் சேருமாறு கணினி நிருவாகியிடம் சொல்லி அமைத்துக்கொள்க.

ஒரே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஐவரும் வைத்துக்கொள்வது பெருந்தவறு. ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லாலேயே நுழையுமாறு பெயர் குறித்து அனுமதி தரலாம். பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதி வேறு. அதன் பெயராலேயே கடிதம் விடுக்கும் அனுமதி வேறு. 'இதன் சார்பில் இன்னார்' என்று அனுப்பியவர் பெயரும் தோன்ற விடுக்கும் அனுமதி வேறு. மாற்றலாகிப் போகிறவரின் அனுமதியை அன்றே நீக்கிவிட வேண்டும்.

இனி, நாட்காட்டி. நாம் ஓய்வாக இருக்கிறோமா, அலுவலில் இருக்கிறோமா என்பதை மட்டுமே அலுவலகத்தில் மற்றவர் காணுமாறு அது பொதுவாக அமைந்திருக்கும். விவரங்களைக் காட்டுவதும், பிறர் திருத்த இசைவதும் நம் விருப்பம். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. பயணச்சீட்டு வாங்கிய அன்றே விடுமுறையையும், அந்நாட்களில் நம் வேலையைப் பார்ப்பவர் பெயரையும் பொது நாட்காட்டியில் எழுதிவிடலாம். ஆனால் சாவு 60 நாள் தவணை தந்து வருவதில்லை. ஆதலின், நம்பத்தக்க தோழர் ஒருவர்க்கு நம் நாட்காட்டியைத் திருத்தும் உரிமையை முன்னரே அளித்திருத்தல் அறிவுடைமை. நாம் ரயிலேறிய பின்னும் அவர் நமக்காக எழுதிவிடுவார்.

நம் அன்பர் விடுப்பு விண்ணப்பத்தைக் காட்டிக் குற்றத்தினின்று நீங்கினார். எனினும், தந்தைக்குக் கடன் கழித்து வந்த கையோடு அவ்விளக்கத்தை எழுத நேர்ந்த வேதனையை அவர் இன்னும் மறக்கவில்லை. இப்போது அப்பிரிவில் ஐந்து வண்ணங்கள் உள்ளன. அன்பர்கள் நாளைக் காலை தத்தம் பொதுப் பெட்டியைத் திறந்ததும், படிக்கப்பட்டும் விடை பெறாத கடிதம் ஏதேனும் உண்டா என்று முதலில் நோக்குவார்களாக. ஊருக்குச் சென்றிருக்கும் ஒருவர்க்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுவே.