கச்சான் காற்றில் ஒரு பாதிரியார்

கோடை வந்துவிட்டால் நாம் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறோம். கடற்கரைப் பங்கின் சுவாமியாருக்கோ அப்படி ஓய்வு கிடைப்பதில்லை. 1544-ம் வருஷத்துக் கோடையில் பிரான்சிஸ் சவேரியார் பட்ட பாடே இதற்குச் சாட்சி.

மணப்பாட்டுப் பக்கத்துப் பரதவர் ஊர்களில் அவர் கால்நடையாகவே சுற்றி வந்தார். பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, சிறுவர்களைக் கூட்டித் தமிழில் ஜெபம் கற்பிப்பது, வியாதியஸ்தரைப் பார்ப்பது, இவையே அவருடைய தினசரி வேலை. தமிழ் சரளமாக வராதபோதிலும், மொழியறிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைப் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

ஜூன் மாதத்தில் கொடிய செய்தி ஒன்று வந்தது. வடுகப் படை கன்னியாகுமரிக் கரையைச் சூறையாடிவிட்டது. ஜனங்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிகிறார்கள்! சவேரியார் 20 தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். ஆனால் கச்சான் காற்று எதிர்த்து வீசியது. துடுப்பு வலித்தும் பயனில்லை, தோணிகள் திரும்பின.

காற்றின்மேல் பழி போட்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. தப்பி வந்தவர்களைத் தேடித் தரை மார்க்கமாகப் போனார். உண்ண உணவில்லாதவர்கள், நடக்கமாட்டாத கிழவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆகியோரைக் கண்டு மனம் கலங்கினார். மணப்பாட்டில் அவர்கள் குறை தீர்க்க முயன்றதையும், செல்வர்கள் மனம் இரங்கவேண்டும் என்ற வேண்டுதலையும் தம் உதவியாளர் மன்சிலாஸுக்குக் கடிதத்தில் எழுதினார்.

கோட்டாறு மறைமாவட்டம் ஏற்பட்டது 1930-ல். இன்றும் ஆனி, ஆடியில் கடல் பொங்கி வீடுகளில் புகும்போது, குமரிக் கரை ஜனங்கள் பங்குச் சுவாமியாரின் கதவைத்தான் தட்டுகிறார்கள்.